மறதி நோய் வந்தவரை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி? மாத்திரை தவிர செய்ய வேண்டியவை, படிப்படியாக

என் அம்மாவுக்கு டிமென்ஷியா என்று சொன்ன அன்று எங்கள் கையில் இருந்தது ஒரு மருந்துச் சீட்டும், மூன்று மாதம் கழித்து வரச்சொன்ன தேதியும்தான். வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அம்மா சாயங்காலம் ஆனால் கத்தினார், இரவில் கதவைத் தட்டினார், குளிக்க மறுத்தார். இதைச் சொன்னதும் இன்னொரு மாத்திரை சேர்ந்தது. அதைப் போட்ட பிறகு பகல் முழுக்கத் தூங்கி வழிந்தார். ஒரு நாள் விடியற்காலையில் கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்தார். எலும்பு முறியாமல் தப்பித்தார். அதற்குப் பிறகுதான் வேறு என்ன செய்யலாம் என்று தேட ஆரம்பித்தேன்.

திருச்சியில் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் இரண்டு வருடம் செய்து பார்த்து, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். அம்மா நாற்பது வருடம் வீட்டுத் திண்ணையிலேயே ஜாக்கெட் தைத்தவர். அது ஏன் முக்கியம் என்பது பின்னால் புரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டோனெபெசில், மெமன்டைன் போன்ற மாத்திரைகள் சிலருக்கு ஓரளவு உதவும், நோயை நிறுத்தாது. கத்துவது, அலைவது, தூங்காமல் இருப்பது போன்றவற்றுக்கு முதலில் மருந்தில்லா வழிகளைத்தான் பார்க்க வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டிகளே சொல்கின்றன. அமைதிப்படுத்தும் மனநோய் மாத்திரைகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு உயிர் ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்தது. அதற்காக இப்போது போட்டுக்கொண்டிருக்கும் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். "இது எதற்காக, எத்தனை நாளுக்கு, எப்போது குறைக்கலாம்?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.

1. பரிசோதனையை முழுதாக முடியுங்கள்

"வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்று நாங்கள் எட்டு மாதம் விட்டுவிட்டோம். மறதியெல்லாம் டிமென்ஷியா ஆகாது. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, சோடியம் குறைவு, மனச்சோர்வு, எப்போதோ விழுந்ததில் தலைக்குள் மெல்லச் சேர்ந்த ரத்தக்கட்டு, மூளையில் நீர் கோத்துக்கொள்வது ஆகியவையும் இதே குழப்பத்தைக் கொண்டுவரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். தூக்கத்துக்கும் சளிக்கும் போடுகிற சில மாத்திரைகளே வயதானவர்களைக் குழப்பிவிடும். ஆகவே வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

பார்க்க வேண்டியவர் நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர் அல்லது முதியோர் நல மருத்துவர். எங்களுக்குத் தனியாரில் ரத்தப் பரிசோதனைகளுக்கு 2,400 ரூபாயும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு 6,500 ரூபாயும், இரண்டு முறை பார்த்ததற்கு 1,400 ரூபாயும் ஆனது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதைவிட மிகக் குறைவாக முடியும். ஆனால் வரிசைக்கும் ஸ்கேன் தேதிக்கும் சேர்த்து மூன்று வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். எந்த மாதம் முதலில் மாற்றம் தெரிந்தது, என்ன நடந்தது என்று மட்டும். "தீபாவளிக்கு முந்தின வாரம் பக்கத்து வீட்டு ஜாக்கெட்டில் இரண்டு கைக்கும் இரண்டு அளவு வைத்தார்" என்று நான் எழுதிய ஒரு வரியைத்தான் டாக்டர் இரண்டு முறை படித்தார்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நோயின் பெயரை வார்த்தையாகச் சீட்டில் எழுதித் தரச்சொல்லுங்கள். எங்களுடைய முதல் சீட்டில் மறதிப் பிரச்சினை என்று பொதுவாக மட்டும் இருந்தது. பின்னால் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போனபோது அந்தச் சீட்டு உதவவே இல்லை.

காதையும் கண்ணையும் அதே மாதத்தில் பார்த்துவிடுங்கள். அம்மாவின் ஒரு காதில் அழுக்கு அடைத்து இறுகிப்போயிருந்தது. அதை எடுத்த மறுநாளே கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார்.

2. கையெழுத்துப் போட முடிகிறபோதே காகித வேலையை முடியுங்கள்

இதை இரண்டாவதாக வைத்திருப்பதற்குக் காரணம், இதற்குத்தான் காலக்கெடு உண்டு. மற்ற எதையும் அடுத்த மாதம் தொடங்கலாம். விஷயம் புரிந்து, சம்மதித்துக் கையெழுத்துப் போடும் நிலை போய்விட்டால் திரும்பாது.

வங்கிக் கணக்கில் உங்களையும் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறைக்கு மாற்றுங்கள். வைப்பு நிதிகளிலும் இதையே செய்யுங்கள். வாரிசு நியமனம் செய்திருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அது இறந்த பிறகுதான் செல்லுபடியாகும், உயிரோடு இருக்கும்போது ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவாது. கிளைக்கு இருவரின் ஆதார், பான், போட்டோ எடுத்துப் போங்கள். காலை பத்து மணிக்கே போங்கள். அம்மா அந்த நேரத்தில்தான் தெளிவாக இருந்தார்.

பவர் பத்திரம் வாங்கி வைத்தால் போதும் என்று எங்களிடம் நாலு பேர் சொன்னார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 201-இன்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துபோகும். அதாவது உங்களுக்குத் தேவைப்படும் நேரத்தில் அது இருக்காது. அந்தக் கட்டத்துக்குப் பிறகு சொத்தை நிர்வகிக்க வேண்டுமென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு, காப்பாளராக நியமிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும். திருச்சிக்காரர்களுக்கு அது மதுரைக் கிளை. செலவும் மாதங்களும் பிடிக்கும் வேலை அது.

உயில் எழுதும் எண்ணம் அவருக்கு இருந்தால் இப்போதே எழுதட்டும். வெள்ளைத் தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயமில்லை. ஆனால் மறதி நோய் என்று சீட்டு இருக்கும் வீட்டில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதும், "புரிந்து எழுதும் நிலையில் இருக்கிறார்" என்று அதே வாரத் தேதியில் டாக்டர் சான்று வாங்கி வைப்பதும் பின்னால் அண்ணன் தம்பி சண்டையைத் தடுக்கும்.

தனக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், வேண்டாம், தன் சார்பில் யார் முடிவெடுக்கலாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இடம் தருகிறது. அம்மாவிடம் இதைக் கேட்டபோது, "ஆஸ்பத்திரியில கையைக் கட்டிப் போடாதீங்க" என்றார். அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். இந்த அட்டைக்கான யுடிஐடி இணையதளத்திலோ, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ செய்யலாம், கட்டணம் இல்லை. ஆதார், போட்டோ, முகவரிச் சான்று, மருத்துவச் சீட்டுகள் அனைத்தும் வேண்டும். மதிப்பிடும்போது தன்னைத்தானே பார்த்துக்கொள்வது, மற்றவரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது ஆகிய நான்கோடு, எத்தனை வருடமாக நோய் இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்கிறார்கள். அதனால்தான் முதல் சீட்டின் தேதி முக்கியம். 40 சதவீதம் வந்தால் சலுகைகளுக்குத் தகுதி. எங்களுக்கு விண்ணப்பித்ததிலிருந்து அட்டை வர நான்கரை மாதம் ஆனது. மதிப்பிடும் நாளன்று வீட்டிலிருந்து ஒருவர் கட்டாயம் உள்ளே போய்ப் பேச வேண்டும். அம்மா டாக்டர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, "நானே சமைச்சுக்கிறேன், நானே துவைச்சுக்கிறேன்" என்று சரளமாகச் சொன்னார். அவர் அடுப்பைத் தொட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது.

வருமான வரி கட்டுபவராக இருந்தால், பழைய வரி முறையில் 80டிடிபி என்ற பிரிவில் மூத்த குடிமக்களின் சிகிச்சைச் செலவுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. டிமென்ஷியா அந்தப் பட்டியலில் இருக்கிறது. 40 சதவீதச் சான்றும், நரம்பியல் சிறப்பு மருத்துவரின் சீட்டும் வேண்டும். உங்களைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிப் பெற்றோருக்கு 80டிடி-யில் 75,000 ரூபாய், 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களை ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. வருடாந்திர நேர்காணலுக்குக் கருவூலத்துக்கு அழைத்துப் போய்க் கஷ்டப்பட வேண்டாம். தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்கு டிஜிட்டல் உயிர்வாழ் சான்று எடுத்துக் கொடுப்பார். தையல் ஊசி பட்டுத் தேய்ந்த விரலில் ரேகை பதியவில்லை என்றால் முகத்தைக் காட்டியும் எடுக்கலாம்.

3. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்

எனக்கு அதிகம் உதவியது இதுதான். செலவு ஒரு நாற்பது பக்க நோட்டு. கத்தல், அழுகை, அடிக்க வருவது, அலைவது என எது நடந்தாலும் மூன்று விஷயம் எழுதுங்கள்: அதற்கு முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதற்குப் பிறகு நாம் என்ன செய்தோம். மணியும் போடுங்கள்.

ஐந்தாம் நாளே எனக்கு ஒன்று தெரிந்தது. ஒன்பது முறையில் ஏழு முறை 4.20-லிருந்து 5 மணிக்குள் நடந்திருந்தது. அந்த நேரத்தில் ஒரு நாள் அம்மா உட்காரும் கட்டிலில் நானே போய் உட்கார்ந்தேன். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து, வேப்பங்கிளையின் நிழல் எதிர்ச்சுவரில் ஆடியது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரோ நிக்கிறான் பாரு" என்றார். அப்புறம், மதியம் சாப்பிட்டபின் அவரை யாரும் கழிவறைக்கு அழைத்துப் போகவில்லை என்பதும் நோட்டில் தெரிந்தது. இன்னொன்று, நாலரை மணி என்பது சின்ன வயதில் நாங்கள் பள்ளி விட்டு வந்த நேரம். "பிள்ளைங்க வந்திரும், வீட்டுக்குப் போகணும்" என்று அவர் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

மறுநாளிலிருந்து நான்கு மணிக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டு டியூப்லைட் போட்டோம். கழிவறைக்கு அழைத்துப் போய்விட்டு, டீயும் சுண்டலும் கொடுத்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். தெருவில் யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் போவதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். பத்து நாளில் தினமும் நடந்தது வாரத்துக்கு இரண்டு முறையாகக் குறைந்தது.

நோட்டில் பார்க்க வேண்டியவை: வலி, மலச்சிக்கல், பசி, தாகம், சிறுநீர், பல்செட் உறுத்தல், இரைச்சல், டிவி, அதிக ஆட்கள், புது ஆள், சலிப்பு. டிவி செய்தியிலும் சீரியலிலும் வரும் சண்டை நம் கூடத்திலேயே நடப்பதாக அவர்களுக்குத் தோன்றும்.

4. வீட்டில் சின்ன மாற்றங்கள்

மொத்தமாக எங்களுக்கு 6,800 ரூபாய் ஆனது. அதில் பாதி கழிவறைக்கு.

முதல் வேலை, கழிவறை, குளியலறைக் கதவுகளின் உள்தாழ்ப்பாளைக் கழற்றுவது. நாங்கள் கழற்றாமல் விட்டதால் அம்மா உள்ளே பூட்டிக்கொண்டு திறக்கத் தெரியாமல் முக்கால் மணி நேரம் அழுதார். ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவை உடைத்தோம். கம்மோடுக்கு இருபக்கமும் கைப்பிடி, வழுக்காத விரிப்பு, இரவு முழுக்க எரியும் சின்ன பல்பு. வெள்ளை டைல்ஸ் மேல் வெள்ளைக் கம்மோடு அவர்கள் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. மூடியைக் கரும் நீலத்தில் மாற்றியதும் குறி தவறுவது குறைந்தது. கழிவறைக் கதவில் படம் ஒட்டினோம். எழுத்தைவிடப் படம் அதிக நாள் உதவுகிறது.

கண்ணாடியில் தெரிவது வேறு யாரோ என்று பயந்தால் துணி போட்டு மூடுங்கள். கூடத்தில் கறுப்பு மிதியடி வேண்டாம், பள்ளம் என்று நினைத்து நின்றுவிடுவார்கள். சமையலறையில் வேலை முடிந்ததும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். பினாயில், ஆசிட், மாத்திரை டப்பா எல்லாம் பூட்டில். ஆனால் வீட்டை ஒரே நாளில் தலைகீழாக மாற்றிவிடாதீர்கள். கட்டில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நாங்கள் நல்லெண்ணத்தில் அறையை மாற்றிக் கொடுத்து, மூன்று இரவு தூக்கத்தை இழந்தோம்.

5. கை மறக்காத வேலையைக் கொடுங்கள்

நேற்று நடந்தது நினைவில்லாவிட்டாலும் பல வருடம் பழகிய வேலையைக் கை வெகு காலம் மறப்பதில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர் என்ன வேலை செய்தார் என்று யோசியுங்கள். பூ கட்டுவது, கீரை ஆய்வது, அரிசி புடைப்பது, துணி மடிப்பது, கணக்கு நோட்டில் கோடு போடுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது.

அம்மாவிடம் பழைய பட்டன் டப்பாவைக் கொடுத்து நிறம் பிரிக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் ஒரு பட்டனை வாயில் போட்டுக்கொண்டார். விழுங்கக்கூடிய எதையும் கொடுக்காதீர்கள். பிறகு பழைய சேலைத் துண்டுகளைக் கொடுத்தேன். ஓரத்தை விரலால் நீவி, இரண்டாக மடித்து, கட்டை விரல் நகத்தால் அழுத்தி மடிப்புக் கோடு போடுகிறார். ஊசி இல்லை, நூல் இல்லை, ஆனாலும் எம்மிங் செய்யப் போகிறவர் போலவே எல்லாம் நடக்கிறது. கழுத்தில் அளவு டேப்பை மாலையாகப் போட்டுவிட்டால் முகமே மாறிவிடும். ஒரு முறை என் தோளில் டேப்பை வைத்து, "பதினாலரை, நீ மெலிஞ்சிட்டே" என்றார். என் பெயர் அப்போது அவருக்கு நினைவில் இல்லை.

வேலை சரியாக முடிய வேண்டியதில்லை. மடித்ததைக் கலைத்து மறுபடி கொடுப்பதை அவர் கண்ணெதிரே செய்யாதீர்கள், மனம் நோகும். இருபது நிமிடம் போதும்.

ஆரம்ப, நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கு அறிவுத் தூண்டல் சிகிச்சை என்ற குழுப் பயிற்சி உண்டு. வாரம் இரண்டு வகுப்பு, ஏழு வாரம், மொத்தம் 14 வகுப்புகள்; ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். சாப்பாடு, பாட்டு, பழைய புகைப்படம், ஊர், பணம் என்று ஒரு தலைப்பை எடுத்துப் பேசுவார்கள், விளையாடுவார்கள். பிரிட்டனில் உருவானது, சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பினர் நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறார்கள். ஊரில் அப்படி வசதி இல்லாதவர்கள் வீட்டிலேயே ஒரு தலைப்போடு உட்காரலாம். "ஞாபகம் இருக்கா?" என்று தேர்வு வைக்காமல், "இந்தச் சேலை நல்லா இருக்கா?" என்று கருத்துக் கேளுங்கள். கருத்துக்குத் தப்பான பதிலே கிடையாது.

பாட்டைத் தவறாமல் பயன்படுத்துங்கள். அவர் பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயது வரை கேட்டவற்றைத் தேடி எடுங்கள். குளிக்கப் போவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஆரம்பியுங்கள்.

6. மறுத்துப் பேசாதீர்கள்

"அப்பா எங்கே?" என்று அம்மா கேட்கும்போது, "அப்பா செத்து ஆறு வருஷம் ஆச்சும்மா" என்று முதலில் சொன்னேன். அன்றுதான் கேள்விப்பட்டது போல அழுதார். அடுத்த நாளும் கேட்டார், அடுத்த நாளும் சொன்னேன், அடுத்த நாளும் அழுதார். இப்போது, "அப்பாவைத் தேடுதாம்மா? அவர் சட்டையை நீங்கதானே தைப்பீங்க?" என்று கேட்பேன். அவர் சட்டைக் காலரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

"வீட்டுக்குப் போகணும்" என்றால் "இதுதான் வீடு" என்று வாதாடாதீர்கள். "போகலாம், செருப்பைப் போட்டுக்கலாம்" என்று தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்புங்கள். அல்லது, "உங்க வீட்ல கிணறு எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள்.

எதிரே வந்து, கண் மட்டத்துக்குக் குனிந்து, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். சொன்ன பிறகு மனதுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். "என்ன சாப்பிடுறீங்க?" என்பதைவிட "இட்லியா, தோசையா?" எளிது. பின்னாலிருந்து தொடாதீர்கள். அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசாதீர்கள். சொல் புரியாத நாளிலும் குரல் புரிகிறது.

7. குளியலும் சாப்பாடும்

குளிக்க மறுப்பது பிடிவாதம் என்று நான் நினைத்தேன். குளிர்ந்த தரை, எதிரொலிக்கும் அறை, சேலையை உருவும் கை, தலையில் திடீரென்று விழும் தண்ணீர். அவர் இடத்திலிருந்து பார்த்தால் பயம்தான். தண்ணீர், துண்டு, மாற்றுத்துணி எல்லாம் தயாரான பிறகு அழைத்துப் போங்கள். நாற்காலியில் உட்கார வைத்து, தோளில் துண்டு போர்த்தியபடியே, பாதத்தில் தொடங்கி மேலே வாருங்கள். தலைக்கு வேறு ஒரு நாள். ஒரு மக்கை அவர் கையிலும் கொடுங்கள், அவரே ஊற்றிக்கொள்ளட்டும். பழைய வழக்கப்படி வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்தால் அம்மா மறுப்பதே இல்லை. தினமும் குளித்தாக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. மற்ற நாளில் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டாலே போதும்.

சாப்பாட்டுக்கு எவர்சில்வர் தட்டு பளபளக்கும், வெள்ளைத் தட்டில் சோறு தெரியாது. வாழையிலையில் போட்டதும் அம்மா தானாக எடுத்துச் சாப்பிட்டார். அளவும் கூடியது. ஒவ்வொன்றாக வையுங்கள், ஐந்து வகையை ஒரே நேரத்தில் பரப்பினால் எதில் கை வைப்பது என்று தெரியாது. நோய் முற்றியபின் தண்ணீரும் பருக்கையும் தனித்தனியாக நிற்கும் ரசம் சோறு புரையேறும். குழைய மசித்த தயிர் சோறு நல்லது. நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டி, அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். தண்ணீர் குடித்தால் இருமல் வருகிறது என்றால் விழுங்குதலைப் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சி நிபுணரைப் பாருங்கள்.

இரவுத் தூக்கத்துக்கு: காலை வெயிலில் அரை மணி நேரம், பகல் தூக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், மதியத்துக்குப் பின் காபி வேண்டாம்.

8. வெளியே போய்விட்டால்

இது நடப்பதற்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். பெயரும் இரண்டு போன் நம்பரும் பொறித்த வளையலை நகைப்பட்டறையில் செய்து போட்டோம். வளையல் என்றால் கழற்ற மாட்டார் என்று நினைத்தது பலித்தது. ஜாக்கெட் உள்பக்கத்திலும் நம்பர் தைத்தேன். வாசல் கதவில் திறந்தால் ஒலிக்கும் மணி, 450 ரூபாய். தினமும் காலையில் உடுத்தியதும் ஒரு போட்டோ எடுங்கள். என்ன நிறச் சேலை என்று பதற்றத்தில் நினைவுக்கு வராது. தெருவில் மளிகைக் கடை, ஆட்டோ ஸ்டாண்டு, கோயில் வாசல் பூக்காரம்மாவிடம் விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவையுங்கள். மறைத்த காலத்தில் எங்களுக்கு யாரும் உதவ முடியவில்லை.

காணவில்லை என்றால் பதினைந்து நிமிடம் அக்கம்பக்கம் தேடிவிட்டு 112-ஐ அழையுங்கள். 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. பழைய வீடு, பழைய வேலை இடம், எப்போதும் போகும் கோயில் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

9. ஆள் வைப்பதும் உங்களைப் பார்த்துக்கொள்வதும்

ஏஜென்சி மூலம் பகல் 12 மணி நேரத்துக்கு ஒருவர் வந்தார். நாளுக்கு 750 ரூபாய், சாப்பாடு நம்முடையது, முன்பணம் தனி. மூன்று மாதத்தில் நான்கு பேர் மாறினார்கள். ஒவ்வொரு புது முகத்துக்கும் அம்மா முதலிலிருந்து பயந்தார். கடைசியில் எங்கள் தெருவிலேயே ஒரு அக்காவை மாதம் 14,000 ரூபாய்க்கு, காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை அமர்த்தினோம். நர்ஸ் படிப்பு இல்லாவிட்டாலும் பொறுமை இருக்கிறது. ஏஜென்சிதான் வழி என்றால், ஆள் மாற்றினால் பழையவரும் புதியவரும் எத்தனை நாள் சேர்ந்து வேலை பார்ப்பார்கள், முன்பணம் திரும்புமா, போலீஸ் சரிபார்ப்பு ஆனதா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

படுக்கையாகிவிட்டவர்களுக்கு "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபியும் வலி நிவாரணக் கவனிப்பும் கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியுங்கள். முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் 14416, இரண்டிலும் தமிழில் பேசலாம். பார்த்துக்கொள்பவரும் 14416-ஐ அழைக்கலாம். நான் அழைத்திருக்கிறேன். வாரத்தில் ஒரு அரை நாள் அண்ணனோ தம்பியோ வந்து இருக்க வேண்டும் என்று முதல் மாதமே பேசி முடிவெடுங்கள். பணம் மட்டும் அனுப்புபவரிடம், அந்த அரை நாளுக்கு ஆள் வைக்கும் செலவை ஏற்கச் சொல்லுங்கள்.

10. திடீரென்று மோசமானால்

டிமென்ஷியா மாதக் கணக்கில் மெல்ல நகரும். ஒன்றிரண்டு நாளில் குழப்பம் திடீரென்று கூடினால், அரைத் தூக்கத்திலேயே இருந்தால், இல்லாததைப் பார்த்தால், சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடல் வறட்சி, மலம் இறுகுவது, புது மாத்திரை, தலையில் அடி ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் போங்கள். "நோய் முத்திப்போச்சு" என்று நாங்கள் இரண்டு நாள் காத்திருந்தோம், கடைசியில் அது சிறுநீர்த் தொற்று. ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக்கில் பழைய நிலைக்குத் திரும்பினார். தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற அளவுக்குப் போனாலும், மூன்றாம் படியில் சொன்னதையெல்லாம் செய்தும் அடங்காவிட்டாலும் மருந்து தேவைப்படலாம். அப்போதும் அந்த நோட்டை எடுத்துப் போங்கள், குறைந்த அளவில் குறைந்த நாளுக்கு என்று பேச அது உதவும்.

எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. புதிதாக யார் வந்தாலும் அதைப் படித்துவிட்டுத்தான் அம்மாவிடம் போவார்கள். இப்படி ஒன்று நீங்களும் எழுதிவையுங்கள்:

"பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், டீச்சர் வீட்டம்மா என்றால் திரும்புவார். வலது காதுப் பக்கம் பேசவும். மாத்திரை காலை 8, இரவு 8, டப்பா மேல் அலமாரியில். கழிவறை 7, 10, 1, 4, 7, படுக்கும் முன். டீயில் சர்க்கரை அரை ஸ்பூன். நாலு மணிக்குத் திரைச்சீலை. அழுதால் அளவு டேப், நீலச் சேலைத் துண்டு. டாக்டர் நம்பர், என் நம்பர், அண்ணன் நம்பர் கீழே."